தாடைக்காரரின் குரல்

"மீ லாபி!" என்று தெருவே கத்தியது. கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். யாங்கோனில் இருப்பவர்களுக்கு இதை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே பிறக்கிற குழந்தைகள் அம்மா என்பதற்கு முன்னால் இதைத்தான் சொல்லும் போலிருக்கிறது. கரண்ட் வந்தால் தாகேதாவில் எங்கள் வீட்டில் ஓட்டமாக ஓடுவோம். தண்ணீர் மோட்டார், சோற்றுச் சட்டி, இஸ்திரிப் பெட்டி, போன் சார்ஜர், இதில் எது முந்திக்கொள்கிறதோ அது பிழைத்தது. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். என் மகள் மலர் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"அம்மா, அந்தோணி மாமா பழைய கதையில வருவாருல்ல, தாடைக்காரரு. இவருதானா பாரு."

ஒரு வெள்ளைக்காரக் கிழவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலையில் முடி இல்லை. கன்னம் தொங்கிவிட்டது. தாடை மட்டும் அப்படியே இருந்தது, இரண்டு பக்கமும் சதுரமாக. ஆஸ்திரேலியாவில் ஏதோ ஒரு சின்ன ஊரில், பழைய சண்டைப் பட நடிகர்களைத் தேடிப் பிடிக்கிற யாரோ ஒருவர் அவரிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்து நான் திடுக்கிடவில்லை, எல்லோருக்கும்தான் வயதாகிறது. ஆனால் அவர் வாயைத் திறந்து பேசினார் பாருங்கள், களைந்த அரிசியைத் தண்ணீரோடு கீழே கொட்டிவிட்டேன். மெல்லிசான, மூக்கில் வருகிற ஒரு குரல். சீ, இது அவர் குரலே இல்லை என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. தாடைக்காரரின் குரல் என்றால் எனக்கு, எங்கள் தெருவில் இருந்த அத்தனை பேருக்கும், அது என் அண்ணன் அந்தோணியின் குரல்தான்.

அந்தக் குரல் இப்போது இல்லை. தொண்டையில் வந்த புற்றுக்காகப் போன வருஷம் குரல்பெட்டியையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாக மூச்சு. அண்ணன் முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. "தொண்டைய எடுத்துட்டு உசுர மட்டும் வச்சு நான் என்ன பண்ண?" என்றான். "நீ இல்லாம உன் தொண்டைய வச்சு நான் என்ன பண்ண?" என்று நானும் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கத்தினேன். எனக்காகத்தான் சம்மதித்தான். ஆனால் வீட்டுக்கு வந்ததிலிருந்து மனிதர்கள் முன்னால் வருவதில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், எழுந்து திரைக்குப் பின்னால் போய்விடுவான். ஃபாதர் வந்தாலும் அப்படித்தான். எனக்கு அலுத்துவிட்டது, உண்மையைச் சொல்கிறேன். உயிரைப் பிடித்து வைத்தது இப்படித் திரைக்குப் பின்னால் உட்கார வைப்பதற்கா என்று சில நாள் அடுப்படியில் நின்று அழுவேன்.

அரிசியைப் பொறுக்கும்போது வந்த ஈர வாசனை என்னை எங்கெங்கோ கொண்டுபோனது. பபேடானில் ஒரு குறுக்குத் தெருவில் இருந்த வீடியோ கொட்டகையிலும் மழைக்காலத்தில் இப்படித்தான் ஈர வாசனை அடிக்கும். நனைந்த லுங்கி, நனைந்த பாய், வெளியே ஓடும் ஜெனரேட்டரின் டீசல், குன்யா என்று நாங்கள் சொல்லும் வெற்றிலையின் சுண்ணாம்பு எல்லாம் கலந்து வரும். கொட்டகை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். தரைத்தளத்தில் ரயில் பெட்டி மாதிரி நீளமான ஓர் அறை, முன்னால் ஒரு டி.வி., தரையில் பாய், அவ்வளவுதான். நான் வாசலில் டிக்கெட் கொடுத்தேன். "பொம்பளப் புள்ளைக்கு இதுதானா வேல?" என்று துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த அப்பா கேட்டார். சம்பளத்தைக் கொண்டுவந்து வைத்ததும் கேட்பதை நிறுத்திவிட்டார்.

வந்த படமெல்லாம் இங்கிலீஷ். கீழே எழுத்து ஓடாது. பார்க்க வந்தவர்களோ துறைமுகத்திலும் முனிசிபாலிட்டியிலும் வேலை பார்க்கிறவர்கள், லபெயே என்று சொல்லும் டீக்கடைப் பையன்கள், பர்மாக்காரர்கள். அதனால் எங்கள் கொட்டகையில் கதை சொல்லி ஒருவர் உண்டு. டி.வி.க்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, மைக்கில் கைக்குட்டையைச் சுற்றி, படம் ஓட ஓடத் தமிழிலும் பர்மிய மொழியிலும் மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். அப்பா வீட்டில் பிரம்பை வைத்துச் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ் அண்ணனுக்கு அங்கேதான் சோறு போட்டது. பர்மாக்காரர்கள் அவனைக் "கோ தோனி", தோனி அண்ணன் என்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு அவன் குரலைக் கேட்க வருகிறவர்களும் உண்டு. அடிவயிற்றிலிருந்து வரும், கொஞ்சம் கரகரப்பாக, சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகப் பேசுகிற மனிதரின் குரல்.

தாடைக்காரர் கதாநாயகன் இல்லை, அதைச் சொல்ல மறந்துவிட்டேன். மணிலாவிலோ ஹாங்காங்கிலோ மலிவாக எடுத்த படங்களில் வில்லனின் அடியாள். பாதிப் படத்தில் செத்துப்போவார். ஆனால் எங்கள் ஜனங்களுக்கு அவரைப் பிடித்துவிட்டது. ஏன் என்று கேட்டால் என்ன சொல்ல? அடி வாங்கும்போது அந்த முகத்தில் ஓர் அலுப்பு தெரியும், நாளைக்கும் இதே வேலைக்கு வரணுமே என்கிற மாதிரி. மூட்டை தூக்குகிறவர்களுக்கு அது புரிந்தது. அவர் செத்ததும் எழுந்து போக ஆரம்பித்தார்கள். முதலாளி அண்ணனைக் கூப்பிட்டு, "தம்பி, ஆளு நெலைக்கணும், ஏதாவது பண்ணு" என்றார்.

அண்ணன் பண்ணினான். தாடைக்காரர் கெட்டவர்களோடு இருந்தாலும் உள்ளுக்குள் நல்லவர் ஆனார். வில்லன் மிரட்டினால், "வீட்ல தங்கச்சி இருக்கா, இல்லைன்னா உன்ன இப்பவே பொளந்துருவேன்" என்று தாடைக்காரர் தமிழில் பதில் சொன்னார். கரண்ட் போய் ஜெனரேட்டரை ஓட்டும்வரை சும்மா இருக்க முடியாதல்லவா, அந்த இருட்டில் அவருடைய வாழ்க்கை வரலாற்றையும் சொல்ல ஆரம்பித்தான். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவராம், சிட்னியில், நம்ம இன்சீன் மாதிரி இடத்தில். சின்ன வயதில் ஆட்டு ரோமம் வெட்டினாராம். அம்மா சீக்கிரமே தவறிவிட்டாராம். தங்கச்சிக்குக் கல்யாணம் முடிக்கத்தான் இப்படி ஊர் ஊராக அடி வாங்குகிறாராம். அடுத்த வாரம் டிக்கெட் வாங்கும்போதே என்னிடம் கேட்பார்கள், "ஏம்மா, அந்தத் தங்கச்சிக்கு எடம் ஏதும் அமைஞ்சுதா?" எனக்கே அப்போது கல்யாணம் ஆகவில்லை, என்னை ஒருவரும் கேட்டதில்லை! அந்தத் தாடையைப் பார்த்துப் பார்த்து, வந்த வரனையெல்லாம் நொட்டை சொல்லித் தட்டிக்கழித்தவள் நான். கடைசியில் வாய்த்தவருக்குத் தாடை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. தங்கமான மனுஷர், போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஒருநாள் ஒரு படத்தில் தாடைக்காரர் உயரமான பாலத்திலிருந்து விழுந்தார். சரியாக அந்த இடத்தில் டேப் தேய்ந்துபோய்த் திரை முழுக்கப் புள்ளி. கொட்டகை ஒரே கூச்சல். கூச்சலை அடக்க அண்ணன் வாய்க்கு வந்ததைச் சொன்னான்: "இது நெசமாவே விழுந்தது. கயிறு அறுந்துருச்சு. மனுஷன் இப்ப ஆஸ்பத்திரியில கெடக்குறாரு." கூச்சல் அப்படியே நின்றது. முன்வரிசையில் இருந்த காத்தமுத்து மாமா எழுந்தார். துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர், வெள்ளிக்கிழமை தவறாமல் வருவார்.

"பொழச்சுக்குவாரா தம்பி?"

"ஆண்டவன் விட்ட வழி மாமா" என்றான் அண்ணன். அதோடு முடிந்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

அந்த வருஷம் காளி கோயில் தீமிதிக்குக் காத்தமுத்து மாமா காப்புக் கட்டியிருக்கிறார் என்று கேள்விப்பட்டோம். யாருக்கு நேர்த்திக்கடன் என்றால் தாடைக்காரருக்காம். பூசாரி பெயர் கேட்டதற்கு "தாடைக்காரரு" என்றாராம். நட்சத்திரம் கேட்டதற்கு, "அது சீமையில பொறந்தது, சாமிக்குத் தெரியும்" என்றாராம். அண்ணன் வெலவெலத்துப்போய் ஓடினான். நானும் பின்னாலேயே போனேன். "மாமா, வெள்ளக்காரனுக்குப் போயி நெருப்புல எறங்குவாங்களா?" என்று கெஞ்சினான்.

மாமா மஞ்சள் வேட்டியில் உட்கார்ந்திருந்தார். "நான் கப்பல் அடித்தட்டுல விழுந்து இடுப்பு ஒடிஞ்சு கெடந்தப்ப ஏன்னு ஒரு நாதி கேக்கல தம்பி. இவரு விழுந்தது நம்ம கண்ணு முன்னால. நாம கேக்கலைன்னா வேற யாரு கேப்பா?"

அன்று மாலை மாமா நெருப்பில் நடந்தார். நாங்கள் வேதக்காரர்கள், கோயில் வாசலோடு நின்று பார்த்தோம். அண்ணன் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை மைக்கைப் பிடித்து, "தாடைக்காரரு எழுந்து உக்காந்துட்டாரு, கஞ்சி குடிச்சாரு" என்று அறிவித்தான். கொட்டகையே கை தட்டியது. "ஹோட்லா, ஹோட்லா", அதாவது அப்படியா என்று, பர்மாக்காரர்கள் மாமாவின் முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள். அன்றிலிருந்து யாரும் தாடைக்காரன் என்று சொன்னதில்லை, தாடைக்காரர்தான்.

இத்தனையும் நினைத்துக்கொண்டு, ஈரக் கையோடு மலரின் போனில் மீதியைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் புரிந்தவரை சொல்கிறேன். ஓட்டல் வாசலில் காவல் நின்றவராம். லீவுக்கு மணிலா போனபோது யாரோ தாடையைப் பார்த்துக் கூட்டிப்போனார்களாம். விழுந்ததெல்லாம் டூப்பாம். குரலும் அவருடையது இல்லையாம், ஸ்டூடியோவில் எவரோ பேசிச் சேர்த்தார்களாம், அவரை இவர் பார்த்ததுகூட இல்லையாம். தங்கை கிடையாது. பிறகு பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்து, முட்டி போய் அதையும் விட்டுவிட்டாராம். கடைசியில் ஒன்று சொன்னார், அதுதான் என்னை உலுக்கிவிட்டது. "அந்தப் படங்களை யாராவது பார்த்தார்களா என்றே எனக்குத் தெரியாது." அட பாவி மனுஷா, யாராவதா! ஒரு தெருவே பார்த்ததய்யா.

நிமிர்ந்தால் அண்ணன் பின்னால் நிற்கிறான். எப்போது திரையை விலக்கிக்கொண்டு வந்தானோ. குரல் டப்பிங் என்ற இடத்தை மறுபடி போடச் சொல்லி விரலைக் காட்டினான். பார்த்தான். தோள் குலுங்கியது, கழுத்துத் துணி படபடத்தது. சிரிக்கிறான்! ஆபரேஷனுக்குப் பிறகு அன்றுதான் அவன் சிரித்துப் பார்த்தேன்.

அதே நேரம் வாசலில் செருப்புச் சத்தம். காத்தமுத்து மாமா, போன் சார்ஜ் போட வருகிறார். பின்சந்தில் மகள் வீட்டில் இருக்கிறார், அங்கே பிளக் பாயிண்ட் பழுது. ஐயோ, அண்ணன் உள்ளே போய்விடப் போகிறானே என்று எனக்குப் பதறியது. ஆனால் மாமா போனில் இருந்த முகத்தைப் பார்த்துவிட்டார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"அடேங்கப்பா! நம்ம தாடைக்காரருல்ல! இன்னும் இருக்காரா?"

மாமாவுக்கு இரண்டு காதும் அடைத்துப் பல வருஷம் ஆகிறது. காதோரம் வாயை வைத்து, "பஸ் ஓட்டுனாராம் மாமா" என்று கத்தினேன். மாமாவின் முகம் சுருங்கியது.

"நீ சும்மா இரு தாயி. உனக்கு என்ன தெரியும்? அந்தோணி, நீ சொல்லுப்பா. நான் நெருப்புல எறங்குனது அவருக்குத் தெரியுமா? கேட்டாராமா?"

மலர் என்னைப் பார்த்தாள். யபாதே, பரவாயில்லை, நீ உள்ளே போ என்று அண்ணனிடம் சொல்ல நினைத்தேன். அதற்குள் அவன் ஸ்டூலை இழுத்து மாமாவுக்கு நேரே போட்டு உட்கார்ந்தான். கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டான். வாயைத் திறந்தான்.

உதடு அசைந்தது. புருவம் ஏறி இறங்கியது. ஒரு கை மேலே போய்ப் பாலத்தைக் காட்டியது, கீழே வந்து கட்டிலைக் காட்டியது. நெஞ்சில் கை வைத்தான், மாமாவின் பாதத்தைத் தொட்டுக் காட்டினான். காற்றைத் தவிர எதுவும் வெளியே வரவில்லை. மாமா கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். சரியான இடத்தில் "அப்புறம்?" என்றார். சரியான இடத்தில் சிரித்தார். அண்ணன் நிறுத்தவில்லை, சொல்லிக்கொண்டே போனான்.

மாமா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "கேட்டியா தாயி? கொட்டகையில பேசுன அதே குரலு. கொஞ்சமும் மாறல."

வேகமாகத் தலையாட்டினேன். எனக்குத்தான் ஒன்றும் கேட்கவில்லை.