பழைய வண்டி பார்க்கப் போன காலைகள்

பழைய வண்டி பார்த்துச் சொல்கிறவனுக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல், பணம் போன பிறகு வருபவைதான்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில் ஒரு நூற்பாலையில் ராத்திரி ஷிப்ட் பிட்டர். வண்டி பார்ப்பது யாரும் கொடுத்த வேலை இல்லை. ராத்திரி முழுக்க மிஷின் இரைச்சலில் நின்றவனுக்குக் காலையில் வீட்டு அமைதி ஒத்துக்கொள்ளாது. படுத்தால் தூக்கம் வராது, எழுந்தால் ஓரிடத்தில் உட்கார முடியாது. அந்தப் பொழுதை ஓட்டுவதற்காக, பழைய இரும்புக்கடையில் வாங்கிய மொபெட் எஞ்சின் ஒன்றை அவிழ்ப்பதும் மாட்டுவதுமாகப் பழகினேன். மாட்டி முடித்தால் எப்போதும் நாலைந்து நட்டு மிச்சம் கிடக்கும். நட்டு மிச்சம் விழாமல் மாட்டக் கற்றுக்கொண்டபோது, ஊரில் என்னை வண்டி தெரிந்தவன் என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். போனில் வண்டி விற்கிற செயலிகள் வந்ததும் கூப்பிடுவதற்கு ஆள் கூடியது. நீங்களும் ஒருமுறை ஏமாந்திருப்பீர்கள், வீட்டில் சொல்லியிருக்க மாட்டீர்கள். கூச்சப்பட வேண்டாம். என்னிடம் வந்தவர்களும் வீட்டில் சொல்லாமல்தான் வந்தார்கள்.

இந்தக் காலைகளில் பலவற்றில் கூட வந்தவர் பால்ராஜ் அண்ணன். கான்சாபுரத்துக்காரர். பாதி ஆயுசு மாட்டுத் தரகு பார்த்துவிட்டு, எங்கள் மில் கேட்டில் ராத்திரிக் காவலுக்கு வந்தவர். அவர் மனைவி எஸ்தர் அக்காவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்தில் இரண்டு நாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் டயாலிசிஸ். போகும்போது பஸ்ஸில் சமாளித்துவிடுவார், திரும்பும்போது கால் நிற்காது. ஒருநாள் வத்திராயிருப்பு பஸ்ஸில் மயங்கி, முன்பின் தெரியாதவர் மடியில் விழுந்திருக்கிறார். அந்த வெட்கத்தில் "இன்னிக்கு வேண்டாங்க, அடுத்த வாட்டி போவோம்" என்று டயாலிசிஸையே தள்ளிப்போடத் தொடங்கினார். இப்படித் தள்ளிப்போட்டால் ஆள் தங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பின்னால் அக்கா படுத்துக்கொண்டு வருவதற்கு ஒரு பழைய வேன் வேண்டும். அண்ணன் டிராக்டர் ஓட்டியவர், லைசென்ஸ் இருந்தது. தன் புஞ்சைக் காட்டை ஒத்திக்கு வைத்துப் பணத்தையும் தயாராக வைத்திருந்தார். வேன் பார்க்கப் பழகுவதற்காகத்தான் என்னோடு அலைந்தார்.

பட்டாளத்து வண்டி

தேவதானத்திலிருந்து ஒரு பெரியவர் மில் வாசலுக்கே வந்துவிட்டார். நெல் விவசாயம். மகன் வடக்கே ராணுவத்தில். செயலியில் ஒரு மொபெட் பார்த்திருக்கிறார், புதிது போல இருந்திருக்கிறது. விற்கிறவனும் ராணுவம்தானாம். இடமாற்றம் வந்துவிட்டதால் அவசரமாகத் தள்ளுகிறானாம். வண்டி ராணுவப் பார்சலில் வீட்டுக்கே வந்துவிடும் என்று சொல்லி முதலில் பார்சல் செலவு கேட்டிருக்கிறான், அடுத்து வரி, அதற்கடுத்து மதுரையில் கேட் பாஸ். கேட்டதையெல்லாம் இவர் பக்கத்து வீட்டுப் பையனைக் கொண்டு அனுப்பியிருக்கிறார். வண்டி மதுரையிலேயே நின்றுவிட்டது.

அவன் அனுப்பிய படங்களைக் காட்டினார். யூனிபார்ம், அடையாள அட்டை, பின்னால் கொடிக்கம்பம். படத்தைப் பெரிதாக்கினேன். அட்டையில் ஒரு பெயர், சட்டை நெஞ்சில் குத்தியிருந்த வில்லையில் வேறு பெயர். யாரோ ஒரு பாவப்பட்ட சிப்பாயின் படத்தைத் திருடி ஒட்டியிருக்கிறான் என்று விளக்கினேன். எந்த ராணுவமும் மொபெட்டைப் பார்சல் கட்டி அனுப்பாது என்றேன். பெரியவர் தன் போனைத் துழாவி, மகன் அனுப்பியிருந்த படம் ஒன்றை எடுத்தார். அதே யூனிபார்ம், அதே போலக் கொடிக்கம்பம். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்ப எம்மவன் அனுப்புத போட்டோவ நான் எப்படிய்யா நம்புதது?"

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு முன்னால்

பணம் போடும் முன்பே என்னைக் கூப்பிட்ட சிலரில் ஒருவர் ராஜபாளையத்து சீதாம்மா. வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம், மருத்துவத் துணி நெய்யும் தறி நாலு ஓடுகிறது. மகளுக்கு ஸ்கூட்டர் பார்த்திருந்தார். "வண்டியைக் கையால் தொடும்வரை ஒரு பைசா அனுப்பாதீர்கள்" என்றேன். "சரிய்யா, நான் என்ன பச்சப்புள்ளையா?" என்றார். வெள்ளிக்கிழமை காலை ஷிப்ட் முடித்து நானும் பால்ராஜ் அண்ணனும் போய் நின்றபோது, சாமி படத்துக்கு முன்னால் சூடம் எரிந்துகொண்டிருந்தது. அட்வான்ஸ் போய்விட்டது.

விற்கிறவன் காலையில் போன் செய்து, "அக்கா, வேற பார்ட்டி வாராங்க, ஆனா ஒங்க குரலைக் கேட்டதுமே மனசு ஒங்களுக்குத்தான் குடுக்கணும்னு சொல்லுது. பத்தரைக்கு ராகுகாலம் பொறந்துரும், அதுக்குள்ள போட்ருங்க. பொறவு நிதானமா வந்து பாருங்க" என்று சொல்லியிருக்கிறான். ராகுகாலம் பார்க்கிறவன் கெட்டவனாக இருக்க முடியாது என்று சீதாம்மாவுக்குத் தோன்றியிருக்கிறது. அவன் கொடுத்த ஸ்ரீவில்லிபுத்தூர் முகவரிக்கு மூன்று பேரும் போனோம். அந்தக் கதவு எண்ணில் வீடு இல்லை. டிரான்ஸ்பார்மரும் அதன் கீழே படுத்திருந்த ஒரு ஆடும்தான் இருந்தன. சீதாம்மா ஆட்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு சொன்னார்: "ஏமய்யா, காசு போனாப் போகுது, நல்ல நேரத்துலதான குடுத்தேன், எம்மகளுக்கு ஒரு குத்தமும் வராது."

சீவிய கொம்பு

ராஜபாளையத்தில் ஒரு வேன் இருப்பதாகப் படம் பார்த்துப் போனோம். இது பால்ராஜ் அண்ணனுக்காகவே போனது. வேன் பளபளவென்று நின்றது. மீட்டரைப் பார்த்தால் வயதுக்கு வந்த பிள்ளை போல இளமையான கிலோமீட்டர். ஆனால் கிளட்ச் மிதி ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தது. ஸ்டியரிங் வழுவழுவென்று கூழாங்கல்லாகியிருந்தது. மீட்டரைத் திருப்பி வைக்கிறவர்கள் மிதி ரப்பரை மாற்ற மறந்துவிடுவார்கள். நீங்களும் முதலில் காலடியைத்தான் பார்க்க வேண்டும். நான் வாய் திறப்பதற்குள் அண்ணன் வேனை ஒரு சுற்றுச் சுற்றி, புதுப் பெயின்ட்டை நகத்தால் சுரண்டி மோந்து பார்த்து, விற்கிறவர் தோளில் கை போட்டார்: "கெழட்டு மாட்டுக்குக் கொம்பைச் சீவி எண்ணெ தேச்சு நிறுத்துத சோலிய நான் ஒங்க வயசுலயே விட்டுட்டேன், மாப்ள."

இறங்கச் சொன்னவர்கள்

எங்கள் மில்லில் கார்த்திக் என்று ஒரு எலக்ட்ரீஷியன். எல்லாம் தெரிந்தவன். படத்தை நம்பவில்லை, முன்பணம் அனுப்பவில்லை. நேரில் போய் பைக்கை ஓட்டிப் பார்த்து, கையில் பணம் கொடுத்து, சாவியோடு வந்தான். என்னைக் கூப்பிடாததற்கு எனக்கு வருத்தமில்லை, பெருமையாகக்கூட இருந்தது. ஆர்சி மட்டும் நகல்தான் கிடைத்தது. அசல் அடுத்த வாரம் தருவதாகச் சொல்லியிருக்கிறான் விற்றவன். அசலை அவன் தந்திருக்க முடியாது. வண்டி மேல் பைனான்ஸ் கடன் இருந்தது, தவணை கட்டாமல் விட்டுவிட்டுத்தான் விற்றிருக்கிறான். வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தால் கடன் இருப்பது போனிலேயே தெரிந்திருக்கும். கடன் அடைத்த சான்று இல்லாத வண்டியை வாங்குகிறவன், அடுத்தவன் கடனையும் சேர்த்துத்தான் ஓட்டிக்கொண்டு போகிறான்.

ஒருநாள் ஷிப்ட் முடிந்து அவனும் நானும் ரோட்டோர டீக்கடையில் டீ குடித்துவிட்டு அவன் பைக்கில் ஏறும்போது, பைனான்ஸ்காரர்கள் இரண்டு பேர் வந்து இறங்கச் சொன்னார்கள். முரட்டு ஆட்கள் இல்லை, நெற்றியில் திருநீறு. காகிதத்தைக் காட்டினார்கள். கார்த்திக் சத்தம் போட்டான், கெஞ்சினான், கடைசியில் அழுதான். நடுவில் நானும் ஏதேதோ பேசிப் பார்த்தேன். வந்தவர்களில் மூத்தவர் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, டேங்க் மூடியைத் தட்டிப் பார்த்துச் சொன்னார்: "நெறைய போட்டுருக்கீக போல தம்பி, கடைக்காரர்ட்ட ஒரு பாட்டில் வாங்கி பெட்ரோலப் புடிச்சுக்கிடுங்க, அதுக்கு எங்களுக்கு உரிமை இல்ல."

எஸ்தர் அக்கா படுத்துப் பார்த்த வேன்

ஸ்ரீவில்லிபுத்தூரில் சுப்பையா என்று ஒரு கல்யாணச் சமையல்காரர். பாத்திரம் ஏற்றிய வேனை விற்பதற்காகப் படம் போட்டிருக்கிறார். அந்தப் படங்களை எவனோ ஒருவன் எடுத்து, தன் எண்ணோடு மறுபடியும் போட்டிருக்கிறான். பால்ராஜ் அண்ணன் கண்ணில் பட்டது இந்த இரண்டாவது விளம்பரம். போனில் அவன், "வண்டி எம்மச்சான் சுப்பையா வீட்டுல நிக்கு, போய்ப் பாருங்க. வெலைய மட்டும் அவர்ட்ட பேசிராதீக, எனக்கும் அவருக்கும் ஒரு கணக்கு இருக்கு" என்றான். சுப்பையாவிடம் அவன் சொன்னது வேறு: "வண்டிய நான் எடுத்துக்கிடுதேன். எனக்குத் தெரிஞ்ச ஆளுக வந்து பாப்பாங்க, அவங்கட்ட வெல சொல்லாதீக, நடுவுல எனக்கு நாலு காசு நிக்கணும்."

மற்றவர்களுக்கு என்றால் இந்த இடத்தில் உறுத்தியிருக்கும். அண்ணனுக்கு இது தொழில் மரியாதையாகப் பட்டது. மாட்டுச் சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கைகளைத் துண்டால் மூடி, உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேச்சு. விற்கிறவன் பிடித்த விரல் எத்தனை, வாங்குகிறவன் பிடித்த விரல் எத்தனை என்பது தரகருக்கு மட்டும்தான் தெரியும். தரகரைத் தாண்டி மாட்டுக்காரனிடம் "எம்புட்டு?" என்று கேட்பது அவர் வயிற்றில் அடிப்பது. அந்தத் துண்டுக்கடியிலேயே சாப்பிட்டு வளர்ந்தவர் அண்ணன். சுப்பையாவும் ஏஜென்ட் மூலமாகச் சமையல் பிடிக்கிறவர், நடுவில் நிற்கிறவன் பிழைப்பைக் கெடுக்கக் கூடாது என்று அவரும் வாய் திறக்கவில்லை. இரண்டு யோக்கியர்களும் மழையைப் பற்றியும் தேங்காய் விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நான் வேனுக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். சேஸிஸ் எண் ஆர்சியோடு பொருந்தியது. கடன் இல்லை, ஆர்சியும் அசல், பெயரும் சுப்பையாவுடையதுதான். மிதி ரப்பரின் தேய்மானம் மீட்டருக்குச் சரியாக இருந்தது. எஸ்தர் அக்காவையும் அண்ணன் கூட்டி வந்திருந்தார். பின்னால் ஏறி, செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்துப் பார்த்தார். "ஏங்க, காலு நல்லா நீட்ட முடியுது" என்றார். பிறகு, "உள்ள ஒரே சாம்பார் வாசம். உப்புத்தான் ஆகாதுன்னுட்டாரு டாக்டரு, வாசத்துக்கு ஒண்ணும் சொல்லலல்லா?" சுப்பையாவே சிரித்துவிட்டார். நான் வெளியே வந்து, "வண்டி சுத்தம்ணே" என்றேன். அண்ணன் அதற்குத்தான் காத்திருந்தார். பக்கத்துத் தெரு பேங்குக்குப் போய், போனில் பேசியவன் சொன்ன கணக்கில் முழுப் பணத்தையும் கட்டிவிட்டு வந்தார்.

"சாவியக் குடுங்கண்ணே."

"குடுக்கேன். பணம்?"

"போட்டாச்சே. ஒங்க மச்சான் சொல்லலியா?"

"எனக்கு ஏதுய்யா மச்சான்? எம் பொண்டாட்டி வீட்டுக்கு ஒத்தப் புள்ள."

போனில் பேசியவன் எண் அணைந்திருந்தது. சுப்பையாவுக்கு முதலில் எங்கள் மேல்தான் சந்தேகம். "நோயாளியையும் கூட்டிக்கிட்டு வந்து நாடகமா போடுதீக?" என்று கத்தினார். தெருவே கூடிவிட்டது. பால்ராஜ் அண்ணன் வேன் சக்கரத்தில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து, வலது கையால் இடது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தார். புகார் கொடுத்ததும், பணம் அன்றைக்கே பல கணக்குகளுக்குச் சிதறிவிட்டது என்று போலீசார் சொன்னதும், காடு இன்னும் ஒத்தியிலிருந்து மீளாததும், அக்கா மறுபடியும் டயாலிசிஸைத் தள்ளிப்போடுவதும் பிறகு வந்த சங்கதிகள். அன்றைக்கு, ஒருவழியாக எங்கள் முகங்களைப் பார்த்துப் பார்த்து நிலவரம் புரிந்துபோன சுப்பையா, குரலைத் தணித்துக்கொண்டு வேனின் பின்கதவருகே போனார். "எம்மா, எறங்கிக்கிடுங்கம்மா, நான் வேற ஆளுக்குக் காட்டணும்" என்றார். எல்லாவற்றையும் கேட்டபடி உள்ளே படுத்திருந்த எஸ்தர் அக்கா, கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "எறங்கிருதேன்யா, வெயிலு தாழட்டும், செத்த நேரம் படுத்துக்கிடுதேன், பொறவு பஸ்ஸுல நின்னுக்கிட்டுத்தான போகணும்."

ஆக, இப்போது யார் வண்டி பார்க்கக் கூப்பிட்டாலும், நான் முதல் வேலையாக வண்டிக்காரர் முகத்துக்கு நேரே "எம்புட்டு, யார் கையில குடுக்கணும்?" என்று மரியாதை கெட்டுப்போய்க் கேட்டுவிட்டுத்தான் அடியில் படுக்கிறேன், எஞ்சின் எங்கேயும் ஓடிப்போகாது.