பெரிசு பண்ணின எக்ஸ்ரே

இன்று காலை மின்னஞ்சலில் வந்த என் முழங்கால் எக்ஸ்ரேயை அச்செடுத்தேன். எடுத்தேன் என்று சொல்லக் கூடாது, பிரவுசர் துப்பியது. மேலே என் முகவரி, ஓரத்தில் நான் படிக்காத கடிதங்களின் வரிசை, நடுவில் தீப்பெட்டி அளவுக்கு என் முழங்கால். நிலாவுக்கு ராக்கெட் விட்டாயிற்று, இந்த இழவை மட்டும் யாரும் சரிசெய்யவில்லை. சூடான தாளின் வாசனை மூக்கில் ஏறியதும் பிரகாஷ் ஞாபகம் வந்தது. வாய்விட்டுத் திட்டினேன்.

பிரகாஷ், அல்சூரில் நான் முதன்முதலாக வேலை பார்த்த ஆபீசின் சிஸ்டம்ஸ் ஆள். கழுத்தில் அடையாள அட்டையோடுதான் குளிப்பார் என்று நினைக்கிறேன். மெயிலில் வரும் எதையும் டவுன்லோட் செய்யக் கூடாது, வைரஸ் வரும் என்பது அவர் போட்ட சட்டம். ஆகவே எல்லாரும் பிரவுசரிலிருந்தே அச்செடுத்து, எறும்பு எழுத்தைக் கண்ணைச் சுருக்கிப் படித்து, அதற்கு நிர்வாகம் என்று பெயர் வைத்திருந்தோம்.

அப்போது அப்பாவுக்கு விடாத இருமல். ஓசூரில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் அது முற்றி, திரும்பும் வழியில் அத்திபெலேயில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வந்தார். லேப்காரர்கள் அதை எனக்கு மெயிலில் அனுப்பினார்கள். சாயங்காலம் டாக்டரிடம் காட்ட வேண்டும். அச்செடுத்தால் அப்பாவின் நெஞ்சும் இதே தீப்பெட்டிதான், லேப் பெயர் மட்டும் தனியாக இரண்டாவது தாளில். ஆபீசே கூடிவிட்டது. ஒருவர் "பிரவுசர் கேஷ் கிளியர் பண்ணுங்க" என்றார். இன்னொருவர் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடும்" என்றார். இந்த இரண்டு வைத்தியம் மட்டும் தெரிந்தவர்களெல்லாம் எனக்கு மேலதிகாரிகள்.

பிரகாஷ் "ஸ்வல்ப இருங்க" என்று தாள்களைப் பிடுங்கி, ஜெராக்ஸ் மிஷினில் வைத்து நான்கு மடங்கு பெரிதாக்கினார். அப்பாவின் நெஞ்சு தாள் நிறைய வந்தது, சாம்பல் பூசினாற்போல. வலது நுரையீரலில் ஒரு கறுப்புப் பொட்டு.

"ஸ்கிரீன்ல இது இல்லையே சார்?"

"சின்னதா இருக்கறப்ப வியாதி தெரியாது குரு. பெரிசு பண்ணாதான் தெரியும்."

பட்டம் வாங்கினவன் நான், நம்பித் தொலைத்தேன்.

அப்பா அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் எனக்குத் தந்த அன்பெல்லாம் 'முட்டாள்' என்ற ஒரு சொல்லில் அடங்கிவிடும். தாளை வாங்கிப் பார்த்தவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஆட்டோக்காரரிடம் கன்னடத்தில் சண்டை போடாமல் ஏறுகிறவர் இல்லை, அன்று பேசாமல் ஏறினார். அல்சூர் ஏரியைத் தாண்டும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை.

"அம்மாவுக்கு வெளிவேலை எதுவும் தெரியாதுடா. கூடவே இரு. நீ நல்ல பையன், எனக்குத் தெரியும்."



டாக்டர் தாளைப் பார்த்தார். லேப் பெயர் போட்ட இரண்டாவது தாளையும் பார்த்தார். அதிலும் அதே இடத்தில் அதே பொட்டு.

"லேப் பேருக்கும் வியாதியாப்பா?" என்றார். மெயிலைத் தன் கம்ப்யூட்டரில் திறக்கச் சொல்லி, படத்தை டவுன்லோட் செய்து பார்த்தார். நெஞ்சு சுத்தம். வெறும் சளி.

திரும்பும்போது அப்பா ஆட்டோவின் மறுமூலையில் உட்கார்ந்தார். "முட்டாப் பசங்க. உன்னையும் சேத்துதான்."

மறுநாள் ஜெராக்ஸ் மூடியைத் திறந்தேன். கண்ணாடியில் குங்குமம், ஆயுத பூஜைக்கு பிரகாஷ் வைத்தது, நகலில் கறுப்பாக விழுந்திருக்கிறது. "மிஷினுக்கு அதுதானே கண்ணு, அங்கதான் வெக்கணும்" என்றார் கூச்சமே இல்லாமல். பூஜைக்குப் பிறகு எங்கள் ஆபீசிலிருந்து போன நகலெல்லாம் பொட்டு வைத்துக்கொண்டுதான் போயிருக்கிறது. ஒரு பிரகஸ்பதியும் கவனிக்கவில்லை.

அந்த ஆபீஸ் இருந்த கட்டடத்தில் இப்போது மோமோ விற்கிறார்கள். அப்பாவும் போய்விட்டார், கடைசிவரை மறுபடி என் கையைப் பிடிக்காமலே. இன்று எக்ஸ்ரேயை டவுன்லோட் செய்து, திறந்து, மறுபடி அச்செடுத்தேன். தாள் நிறைய முழங்கால், ஒரு புள்ளிகூட இல்லாமல் பளிச்சென்று வந்தது. பிரகாஷை ஆயுசுக்கும் திட்டுவேன். ஆனால் அப்பா என்னை ஒரு தடவையாவது நல்ல பையன் என்று சொன்னது, அந்த முட்டாள் வைத்த குங்குமத்தால்தான்.