பிட்காயின் இயந்திரத்தின் முன்னால் வெர்லீன்

வெர்லீன் டாகெட் எங்கள் ஊர்ப் பள்ளியில் இருபத்தொன்பது வருஷம் மதியச் சாப்பாடு ஆக்கிப் போட்டவர். இப்போது எழுபதை நெருங்குகிறார். செவ்வாய்தோறும் எங்கள் பெட்ரோல் பங்குக் கடைக்கு வந்து, கல்லாவில் நிற்கும் என்னிடம் வீட்டில் ஒவ்வொருவராக விசாரித்துவிட்டுத்தான் போவார்.

அன்று வியாழக்கிழமை, காலை பத்து மணி. உள்ளே வந்தவர் என் பக்கம் திரும்பவேயில்லை. ஐஸ் பெட்டிக்குப் பக்கத்திலிருக்கும், நோட்டைப் போட்டால் இணையப் பணமாக்கி யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பிவிடும் பிட்காயின் இயந்திரத்துக்கு நேராகப் போனார். காலில் தேவாலயத்துக்குப் போடும் காலணி. காதில் போன். கக்கத்தில் வங்கி உறை.

"மிஸ் வெர்லீன், ஏதாச்சும் உதவி வேணுமா?"

உதட்டில் விரல் வைத்துக் காட்டினார்.

காது மந்தம் என்பதால் போனில் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார். எதிர்முனைக் குரல் எனக்கே கேட்டது. திரையில் ஒரு கேள்வி வந்தது: யாராவது போனில் உங்களைப் பணம் போடச் சொல்கிறார்களா?

"'இல்லை'ங்கறத அமுக்குங்கம்மா," என்றது குரல். அமுக்கினார்.

இயந்திரம் நோட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கியது, பல்லி பூச்சியை இழுப்பதுபோல. கசங்கிய நோட்டு ஒன்றைத் திருப்பித் தள்ளியது. "மன்னிச்சிருங்க," என்று இயந்திரத்திடம் சொல்லி, நோட்டைத் தொடையில் வைத்து நீவினார். ஆயிரத்து இருநூறு டாலர் போனதும், 'அனுப்பப்பட்டது' என்று வந்தது.

"இப்ப மீதியையும் போடுங்க."

உறை இன்னும் தடிமனாகவே இருந்தது. நான் தரை துடைக்கும் சாக்கில் பக்கத்தில் போய், ரசீதின் பின்புறம் 'யார்?' என்று எழுதி நீட்டினேன். அவர் எழுதினார்: 'ஹாலிஸ். ஷெரிப் ஆபீஸ். ஜூரிக்குப் போகல. ஜெயில்.'

வழக்கு கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் ஊர்க்காரர்களில் ஒருவராக, ஜூரியாக, வரச் சொல்லி நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது; போகாமலிருந்தால் குற்றம். தள்ளுபடிச் சீட்டுகளோடு சேர்த்துக் குப்பையில் போட்டிருக்கிறார். ஹாலிஸ் நிஜமாகவே எங்கள் வட்டாரப் போலீஸான ஷெரிப் அலுவலகத்தில் வேலையில் இருக்கிறான். பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே. வெர்லீன் கையில் சாப்பிட்டு வளர்ந்தவன்.

நான் கீழே எழுதினேன்: 'சாப்பாட்டுக்கூடத்துல அவனுக்கு என்ன குடிக்கக் குடுத்தீங்கன்னு கேளுங்க.'

தலையை ஆட்டி மறுத்தார். கோபித்துக்கொள்வான் என்று வாயசைத்தார். அடுத்த நோட்டு பாதி உள்ளே போய்விட்டது. அதை விடாமல் பிடித்துக்கொண்டு, மிக மெதுவாகக் கேட்டார்.

"ஹாலிஸ் கண்ணு, தப்பா எடுத்துக்காத. பள்ளிக்கூடத்துல உனக்கு என்ன குடிக்கத் தருவேன், ஞாபகம் இருக்கா?"

"இல்லாமலா? பால்தாம்மா. உங்க கையால எத்தன தம்ளர் குடிச்சிருப்பேன். சரி, நோட்டப் போடுங்க."

ஹாலிஸுக்குப் பால் ஆகாது. இரண்டாம் வகுப்பில் ஒரு வாய் குடித்துவிட்டு முகம் வீங்கி ஆம்புலன்சில் போனான். அதன் பிறகு ஆறு வருஷம் அவனுக்கென்று தனியாக ஆப்பிள் சாறு எடுத்து வைத்தவர் வெர்லீன்.

நோட்டை வெளியே இழுத்தார். இயந்திரம் விடவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். வந்துவிட்டது. அப்போதும் பேச்சை வெட்டிவிட்டுப் போனை வைக்க அவருக்கு மனசு வரவில்லை. எங்கள் பக்கத்தில் அப்படி வைக்க மாட்டார்கள். "ரொம்ப நன்றிங்க, வச்சிர்றேன்," என்று சொல்லித்தான் வைத்தார்.

உடனே மறுபடி அடித்தது. போனை ஐஸ் பெட்டி மேல் வைத்துவிட்டு, அது கடிக்கும் என்பதுபோல விலகி நின்றார்.

"போலீஸ்ல சொல்லிடலாம், மிஸ் வெர்லீன்."

"வேணாம்ப்பா." நாய்த்தீனி மூட்டை மேல் உட்கார்ந்து, கைகளை முழங்கால்களுக்கு நடுவே ஒளித்துக்கொண்டார். "அவன் பொய்யன், சரி. ஆனா நான் கடுதாசியத் தூக்கிப் போட்டேனே. அது பொய்யில்லையே. புடிச்சிட்டுப் போயிட்டா பூனைக்கு யாரு சோறு வப்பா?"

போனில் பேசுவதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கடைப் போனில் ஷெரிப் அலுவலகத்தைக் கூப்பிட்டு, வெர்லீன் டாகெட் பேரில் பிடிவாரண்ட் இருக்கிறதா என்று கேட்டேன்.

"சாப்பாட்டுக்கூடத்து வெர்லீனா?" அந்தப் பெண் சிரித்தாள். கணினியைத் தட்டும் சத்தம் கேட்டது. "ஒண்ணுமில்லப்பா. ஜூரி கடுதாசிக்கெல்லாம் நாங்க போன் போட்டுப் பணம் கேக்கறதில்ல. காலைலேர்ந்து இது நாலாவது ஆளு."

அப்படியே வெர்லீனிடம் சொன்னேன். அவர் கண்ணாடிக்கு வெளியே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன வச்சிடாத," என்றார். "என் பொறந்த தேதியச் சொல்லி, இன்னொரு தடவ பாக்கச் சொல்லு."