அந்தப் பணம் எங்களுக்கு வருவதில்லை

எழுபதுகளின் நடுவில், நாங்கள் வெளிநாட்டில், கிளேட்டன் என்ற புறநகரில் குடியிருந்தபோது, ஒரு சிறுமி எங்களுடன் ஒன்றரை வருடம் இருந்தாள். அவளுக்கு ஆறு வயது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கணவர் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தார். நான் வீட்டில் இருந்தபடி தையல் எடுத்துச் செய்தேன். அவளுக்காகத் தமிழ் பேசும் வீடு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்த நலத்துறை அதிகாரி, யாரோ சொல்லி எங்களிடம் வந்தார்.

சிறுமியின் தாய் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. தந்தை எங்கள் யாழ்ப்பாணத்துப் பக்கத்து ஆள். கார்த் தொழிற்சாலையில், பிற்பகலில் தொடங்கி இரவில் முடியும் பின்னேர முறை வேலை. பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், சாப்பாட்டை மேசையில் மூடி வைத்து, தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் நலத்துறைக்கு அறிவித்துவிட்டார்கள். நீதிமன்றம் பிள்ளையை அரசின் பொறுப்பில் எடுத்தது. அவளுடைய பராமரிப்புக்காகத் தந்தை கிழமைதோறும் ஒரு தொகை கட்ட வேண்டும் என்றும் கட்டளையிட்டது.

சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் அவர் வந்து மகளைப் பார்க்கலாம். சவரம் செய்து, மடிப்புக் கலையாத சட்டையோடு வருவார். முதல் சில வாரங்கள் என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. பிறகு ஒரு நாள், மகள் தோட்டத்தில் விளையாடிக்கொண்டிருந்தபோது, இந்தக் கிழமை அந்தக் காசில் பிள்ளைக்கு என்ன வாங்கினீர்கள் என்று கூச்சத்தோடு கேட்டார். குற்றம் பிடிக்கிற கேள்வி அல்ல அது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். நான் யோசிக்காமல், ஒரு கம்பளிச் சட்டை வாங்கினோம் என்றேன். அவர் எழுந்து ஜன்னலருகே போய், அந்தச் சட்டையைப் போட்டிருந்த மகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்பார். நானும் ஏதாவது சொல்வேன். பால், வண்ணப் பென்சில், பல் வைத்தியரிடம் போன செலவு. எல்லாம் உண்மையாகவே வாங்கியவைதான். ஆனால் அவருடைய காசில் அல்ல. அவர் கட்டியது அரசாங்கத்துக்குப் போனது. எங்களுக்கு நலத்துறை தனியாக ஒரு தொகை தந்தது. அவர் கட்டினாலும் கட்டாவிட்டாலும் அது மாறாது.

நாலைந்து மாதம் இப்படிப் போனது. ஒரு சனிக்கிழமை மகளின் பழைய சப்பாத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். குதிகால் பக்கம் கிழிந்திருந்தது. கூடுதலாக ஏதும் கட்ட வேண்டுமானால் சொல்லுங்கள், இன்னொரு நாளும் வேலை கேட்டுப் பார்க்கிறேன் என்றார். அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. விஷயத்தைச் சொன்னேன்.

அவர் சப்பாத்தைக் கீழே வைத்தார். "அப்ப நான் இவ்வளவு நாளும் ஆருக்கு அக்கா கட்டினனான்?"

நான் தேநீரைக் கொண்டுவந்து வைத்தேன். அன்று அவர் தேநீர் குடிக்காமல் போனார். கணவரிடம் சொன்னபோது அவர் தலையில் கை வைத்தார். "நீர் ஏன் அதைச் சொன்னனீர்? அந்த மனிசன் அந்த நினைப்பிலைதானே நிமிர்ந்து நடந்தது."

அடுத்த சனிக்கிழமை முதல் அவர் கை நிறையப் பொருட்களோடு வந்தார். புதுச் சப்பாத்து, ஒரு அளவு பெரியது. மழைக்கோட்டு. அரிசி மூட்டை கூட. மகள் துள்ளினாள். நானும் சந்தோஷப்பட்டேன். அரசுக்குக் கட்டுவதை அவர் நிறுத்தியிருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு மாதம் கழித்து, ஒரு கடித உறையை என்னிடம் நீட்டி, வாசித்துச் சொல்லச் சொன்னார். நீதிமன்ற அழைப்பாணை.

அதிகாரியைத் தொலைபேசியில் பிடித்தேன். பிள்ளையைத் திரும்பக் கேட்டுத் தந்தை மனுப் போடும்போது, ஒழுங்காகக் கட்டினாரா என்பதையும் பார்ப்பார்கள், கட்டாமல் விட்டது பிள்ளையில் அக்கறை இல்லாதது போலத் தெரியும் என்றார் அதிகாரி. நான் உண்மையைச் சொன்னது அந்தத் தகப்பனை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

நீதிமன்றத்துக்கு நானும் போனேன். சப்பாத்து, மழைக்கோட்டு, அரிசி என்று அவர் கொண்டுவந்த எல்லாவற்றையும் என் ஆங்கிலத்தில் சொன்னேன். நீதவான் பொறுமையாகக் கேட்டார். அன்பளிப்புகள் நல்லவை, ஆனால் கட்டளை வேறு என்றார். ஏன் நிறுத்தினீர்கள் என்று தந்தையிடம் கேட்டபோது, அவர் தமிழில் என்னிடம் சொன்னார். "அந்தக் காசு என்ரை பிள்ளைக்குப் போகேல்லை எண்டு நினைச்சன். அவ்வளவுதான் எண்டு சொல்லுங்கோ அக்கா."

சொன்னேன். நீதவான் அவருடைய சம்பளத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு வாரத் தொகையைக் குறைத்து, விட்டுப்போனதைச் சிறிது சிறிதாகக் கட்டச் சொன்னார்.

அவர் கட்டினார். பொருட்களும் கொண்டுவந்தார். முதலாளியிடம் கெஞ்சிப் பகல் முறைக்கு மாறினார். மறு வருடம் மனு ஏற்கப்பட்டு, சிறுமி தந்தையுடன் போனாள்.

அவள் போன பிறகுதான் ஒன்று விளங்கியது. பிள்ளை வேறு வீட்டில் இருந்தபோதும் சட்டம் அவரிடமிருந்து ஒன்றை விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. அது அவருக்குச் சுமை. அவர்தான் தகப்பன் என்பதற்கு அத்தாட்சியும் அதுவே. அவள் போன நாளிலிருந்து எங்களிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவளுடைய கட்டிலைப் பிரித்து வைக்க எனக்கு மூன்று மாதம் ஆனது.

அந்த மூன்று மாதத்துக்குள் ஒரு ஞாயிறு அவர்கள் இருவரும் வந்தார்கள். அவர் குசினியில் சமையல் மேசையருகே இருந்த கதிரையில் மகளை இருத்தி, சீப்பை என்னிடம் தந்தார்.

"இரட்டைப் பின்னல் எப்பிடிப் பின்னுறது எண்டு ஒருக்காக் காட்டுங்கோ அக்கா. பள்ளிக்கூடத்திலை அவிழ்ந்துபோகுதாம்."

ஒரு பக்கம் நான் பின்னினேன். மற்றப் பக்கத்தை அவர் பின்னினார். மூன்று தரம் அவிழ்த்துப் பின்னினார். சிறுமி நோகிறதென்று ஆங்கிலத்தில் முறையிட்டாள், ஆனால் தலையை அசைக்காமல் இருந்தாள்.