துரியோதனனுக்கு மண் அப்பிய அத்தை

இன்று நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. முதலில் எரிந்தது அத்தையின் மேல். ஊரின் மேல் எரிய வெகுகாலம் ஆயிற்று.

அத்தை என் அப்பாவின் அக்கா. மாமா புளியமரத்திலிருந்து விழுந்து செத்துப்போனார் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அதற்கப்புறம் அவள் எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். தளிக்குப் போகிற சாலையில், மாநில எல்லையை ஒட்டி எங்கள் ஊர். பிள்ளைகள் யாராவது புளியமரத்தில் ஏறினால் அம்மா விளாசிவிடுவாள். அத்தை மட்டும் ஒன்றும் சொல்லமாட்டாள். அது எனக்குப் பெரிய அதிசயம்.

அத்தையிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எந்தக் கதையையும் நிம்மதியாக ரசிக்க விடமாட்டாள். பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த சேலத்து வாத்தியார் வெளிதேசத்துக் கதைகள் சொல்வார். கிரேக்க தேசத்தில் ஒரு வீரன். குதிகாலைத் தவிர உடம்பில் எங்கேயும் ஆயுதம் ஏறாது. கடைசியில் அந்தக் குதிகாலிலேயே அம்பு பட்டுச் செத்தான். பாரசீகத்தில் ஒரு மல்லன், ஆள் தெரியாமல் சொந்த மகனையே போரில் குத்திக் கொன்றான். நான் மூச்சிரைக்க ஓடிவந்து சொல்வேன். அத்தை கேழ்வரகு புடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, வாயைத் திறப்பாள்.

"செத்துப்போனானே, அவன் பொண்டாட்டி என்னா பண்ணா?"

பாரசீகக் கதைக்கு, "அந்தப் பையனைப் பெத்தவ என்னா பண்ணா?"

வாத்தியாரிடமே போய்க் கேட்டேன். "அதெல்லாம் கதையில இல்ல, உக்காரு" என்றார். வகுப்பே சிரித்தது. அத்தையால் எனக்குக் கிடைத்த முதல் அவமானம் அது. அடுத்ததுதான் பெரிசு.

எங்கள் ஊர் திரௌபதியம்மன் கோயிலில் வருஷாவருஷம் பாரதம் நடக்கும். வெளியூர்க் கூத்தாடிகளைக் கூப்பிடுவதில்லை. இந்த வேஷம் இந்த வீட்டுக்கு என்று பாட்டன் காலத்திலேயே பிரித்தாகிவிட்டது. பாதி வசனம் தமிழ், பாதி தெலுங்கு. கடைசி நாள் படுகளம். ஏரிக்கரை ஓரத்தில் மண்ணால் துரியோதனனைச் செய்து மல்லாக்கப் படுக்கவைப்பார்கள். தொடைக்குள் குங்குமத் தண்ணீர்ச் சட்டி புதைந்திருக்கும். பீமன் ஓங்கி ஒரு அடி அடித்தால் சிவப்பாகப் பீறிடும். சனம் பாய்ந்து அந்த மண்ணை அள்ளிக்கொண்டுபோய்க் குதிரில் போடும், விளைச்சல் பெருகுமாம். அப்புறம் பீமன் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, தலையில் கதாயுதத்தை வைப்பார். வைத்தால் உடம்பில் பலம் ஏறும்.

எனக்கு அந்தப் பலம் வேண்டியிருந்தது. மழைக்காலம் முழுக்கக் காய்ச்சலில் கிடந்து எழுந்தவள் நான். பள்ளிக்கூடத்தில் 'ஈர்க்குச்சி' என்றுதான் கூப்பிட்டார்கள். பீமன் வேஷம் கட்டுகிறவர் மாமாவின் பங்காளி. என்ன மீசை, என்ன தோள்! தெருவில் என்னைப் பார்த்து, "இந்த வருசம் மொத ஆளா உனக்குத்தான் கண்ணு" என்று சொல்லியிருந்தார். அதற்கப்புறம் எனக்குச் சோறு, தூக்கம் எல்லாம் அந்த நினைப்பில்தான்.

அடி விழுந்தது. தொடை உடைந்தது. சனம் கத்திக்கொண்டு பாய்ந்தது. நான் ஓடிப்போய் வரிசையில் முதல் ஆளாக நின்றுகொண்டேன். அப்போதுதான் அத்தை கூட்டத்துக்குள் புகுந்தாள். மண் அள்ளத்தான் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ உடைந்த தொடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சிதறிய மண்ணைக் கூட்டி, அந்தச் சிவப்புத் தண்ணீரிலேயே குழைத்து, உடைந்த இடத்தில் அப்ப ஆரம்பித்தாள். அப்பி, உள்ளங்கையால் நீவி, மறுபடியும் அப்பினாள்.

"அட, துரியோதனனுக்கு வைத்தியம் பாக்குறாடா!" என்று எவனோ கத்தினான். ஒரே சிரிப்பு. கோயில் பெரியவர் வந்து, "எழுந்திரும்மா, கெட்டவனுக்கு எதுக்கு இதெல்லாம்" என்று அதட்டினார். அத்தை காதிலேயே வாங்கவில்லை. வேலை முடிந்த பிறகு நிமிர்ந்து பீமனைப் பார்த்தாள்.

"இடுப்புக்குக் கீழ அடிக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

சிரிப்பு பட்டென்று நின்றது. பீமன் கிரீடத்தைக் கழற்றினார். கதாயுதத்தை அங்கேயே போட்டுவிட்டு ஏரிக்கரை மேல் ஏறி நடந்து போய்விட்டார். வரிசையில் நின்ற எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்கு எப்படி இருந்திருக்கும்! வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்து கத்தினேன்: "கெட்டவனுக்குப் போயி மண்ணு அப்புறியே, உனக்கு வெக்கமா இல்லியா அத்தை?" சிவப்பு காய்ந்துபோன கையைக் கழுவாமலே அவள் என் தலைமேல் வைத்தாள். நான் தட்டிவிட்டேன்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமான பிறகுதான் அம்மா வாயைத் திறந்தாள். மாமா எந்த மரத்திலிருந்தும் விழவில்லை. வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில் அந்தப் பங்காளி கடப்பாரையால் அவர் தொடையில் அடித்திருக்கிறான். எலும்பு முறிந்து, புரையோடி, செத்துப்போயிருக்கிறார். ஊர் கூடிப் பேசியதாம். பாரதம் நெருங்குகிறது, பீமன் வேஷத்துக்கு அந்த வீட்டில் வேறு ஆள் இல்லை, போலீஸ் அவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டால் சாமி காரியம் என்னாவது என்று யோசித்து, புளியமரம் என்று முடிவு செய்தார்களாம். சாமி காரியமாம்!

அதற்கப்புறமும் வருஷாவருஷம் அதே கைதான் அந்தத் தொடையை அடித்தது. அத்தையும் ஒரு ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். படுகளத்தைச் சுற்றி நின்ற பெரியவர்கள் அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும். வெட்கமாக இல்லையா என்று அந்த ஊரில் வாய்விட்டுக் கேட்டவள் நான் ஒருத்திதான். அதையும் அத்தையிடம் போய்க் கேட்டேன்.