நீள ஸ்கீயா, குட்டை ஸ்கீயா

“…அதனாலதான் ஓய் சொல்லுதேன், குட்டை வள்ளம் குளத்துக்கு, நீள வள்ளம்தான் கடலுக்கு!” என்று சொல்லி, தன் தலைக்கு மேல் நாலு விரல் உயர்ந்து நின்ற பனிச்சறுக்குப் பலகையை, அதாவது ஸ்கீயை, அணைத்துக்கொண்டார் நண்பர்.

குமரிக் கடற்கரைக்காரர், துபாயில் கிரேன் மெக்கானிக். நாங்கள் நின்றது ஒரு மாலின் விளையாட்டுச் சாமான் கடையில். எதிரே கண்ணாடிக்குப் பின்னால் செயற்கைப் பனிச்சரிவு. வருகிற வெள்ளிக்கிழமை அங்கே எங்கள் கூட்டத்துக்குள் ஒரு சறுக்குப் பந்தயம். போன தடவை அவரைத் தோற்கடித்தது அவர் மனைவி. நர்ஸ் வேலை, டூட்டி இல்லாத நாளில் வந்து பழகிய கால்தான். இந்த முறையும் தோற்றால், சவூதியில், தம்மாமில் இருக்கும் மச்சானுக்கு அவரே போன் போட்டுச் சொல்ல வேண்டும் என்பது பேச்சு. மச்சான் வாயோ ஊரறிந்த வாய்.

எனக்கு ஸ்கீ ஞானம் வந்தது கடையில் சும்மா கொடுக்கும் விளம்பரப் புத்தகங்களால்தான். இருந்தாலும் ஒன்று புரிந்திருந்தது. இடுப்பு ஒடுங்கி, முனைகள் அகன்ற இந்த ஸ்கீயைச் சாய்த்து அழுத்தினால், அதன் இரும்பு விளிம்பு பனியைக் கீறித் தானே வட்டம் போடும். குட்டைக்குச் சின்ன வட்டம், நீளத்துக்குப் பெரிய வட்டம். எங்கள் சரிவிலோ, வளைந்து வளைந்து தாண்ட வேண்டிய கம்பங்கள் நெருக்கமாக நிற்கும்.

“அண்ணே, ஆட்டோ போற சந்துக்கு லாரி வாங்காதீங்க” என்றேன்.

கேட்டால்தானே! சட்டை எடுத்தாலும் ஒரு சைஸ் பெரிதாக எடுக்கிற ஆட்கள் நாம். அவர் நீளத்தையே தூக்கினார். அண்ணி, “மிச்சம் கிடக்கிறதை நான் எடுத்துக்கிடுதேன்” என்று குட்டை ஜோடியைப் பவ்யமாக எடுத்தார். கடைக்காரர் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்.

சரிவில் நண்பர் முதல் கம்பத்தில் தப்பினார். இரண்டாவதை உரசினார். மூன்றாவது வந்தபோது அவர் ஸ்கீ இன்னும் முந்தைய வட்டத்தையே போட்டுக்கொண்டிருந்தது. கம்பத்தோடு சேர்த்து அவரை ஓர வலை வாங்கிக்கொண்டது. அண்ணி, தையல் ஊசிபோல உள்ளே வெளியே என்று இறங்கி வந்து நின்றார்.

“என்ன, கடல் சின்னதாப் போச்சோ?”

“பனி ஈரமாக் கிடக்குட்டி.” மீசையெல்லாம் வெள்ளை.

கடைக்குத் திரும்பியதும் அண்ணி, “பாய், இதையே பேக் பண்ணுங்க” என்று சொல்லிவிட்டு, பூட்ஸைக் கழற்ற பெஞ்சுக்குப் போனார். அந்தக் குட்டை ஜாதியில் கடையில் இருந்ததே அந்த ஒரு ஜோடிதான். நண்பர் கடைக்காரரின் காதில் குனிந்தார். “பாய், ஜல்தி! இதுல பூட்ஸைப் பிடிக்கிற கவ்வியை என் அளவுக்கு நகர்த்து.”

அண்ணி திரும்பி வந்தபோது கார்ப்பெட்டின் மேல் நண்பர் அந்தக் குட்டை ஸ்கீயை மாட்டி நின்றார்.

“இறங்குங்க.”

“ஏட்டி, நீ நல்ல உயரம். நீளம்தான் உனக்கு எடுப்பா இருக்கும்.”

“இறங்குங்கன்னு சொன்னேன்!”

அவர் என் தோளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஸ்கீயைக் கழற்றாமலேயே, சர்சர்ரென்று பில் கவுன்ட்டரை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.