பதினோராம் வருஷத்துக் காலணா

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் கைகூப்பும்போதெல்லாம் என் விரல்களிலிருந்து செம்பு வாசனை வரும். சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் சீயக்காய் போட்டு அலசினாலும் நகக்கண்ணில் போய் ஒளிந்துகொண்டு, சாமியார் நன்மை அப்பம் கொடுக்க வரும் நேரம் பார்த்து மெல்ல எழும்பும். கொஞ்சம் இரத்தம் போல, கொஞ்சம் மழையில் நனைந்த இரும்புக் கேட்டைப் போல. பக்கத்தில் முழங்காலிட்டிருக்கும் ஸ்டெல்லா அக்காவின் விரல்களிலும் அதே வாசனை, அதற்கு அப்பால் அம்மாவின் விரல்களிலும். முந்தின நாள் மத்தியானம் முழுக்க முந்நூற்றிருபது காலணாக்களைப் புரட்டிய ஆறு கைகள் அவை. அவ்வளவு காசைத் தொட்டும் காணிக்கைத் தட்டில் போட எங்களிடம் ஒன்றுதான் இருக்கும், அதுவும் காலணாகூட இல்லை, தம்பிடி.

இரண்டாம் யுத்தத்துக்கு மூன்று வருஷம் முந்திய பெங்களூர் கண்டோன்மென்ட் அது. ஆஸ்டின் டவுனில் ஓர் ஓட்டு வீட்டின் முன்பாதியில் குடியிருந்தோம். அப்பா பட்டாளத்து மெஸ்ஸில் சமையற்காரர். ரெஜிமென்ட் செகந்திராபாத்துக்கு மாறியபோது கூடவே போனவர். மணியார்டர் அவருக்கு ஞாபகம் வந்தால் வரும். அம்மா ரவிக்கையும் கவுனும் தைத்து எங்களைக் காப்பாற்றினாள். கையால் என்றால் கையால்தான். ஊசியும் நூலும் அவளுடைய பத்து விரல்களும். ஒரு கவுனுக்கு மூன்று நாள் ஆகும். மிஷின் வைத்திருந்த தையற்காரர்கள் அதை ஒரே பகலில் முடித்துப் பாதிக் கூலிக்குத் தந்தார்கள். அம்மாவிடம் வந்துகொண்டிருந்த வாடிக்கை அம்மாக்கள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்த வருஷம். கிறிஸ்துமஸுக்கு மேல் ஸ்டெல்லா அக்காவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி ஒரு பங்களாவில் ஆயாவாக விடுவது என்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது. அக்காவுக்குப் பதின்மூன்று வயது. பூகோளப் படத்தில் கண்ணை மூடிக்கொண்டு விரல் வைத்து ஊர் சொல்வாள்.

தெருக்கோடியில் கார்டு தொரை இருந்தார். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற ஆங்கிலோ இந்தியர். அவருக்குப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும், தெரு அதைக் கேட்டுக்கொண்டதில்லை. ஆண், பெண், குழந்தை, ஆடு எல்லோரையும் "மேன்" என்றுதான் கூப்பிடுவார். அவர் கூடத்தில் ஒரு தேக்குப் பலகை. காலணா அளவுக்குக் குழி குழியாகக் குடைந்து, ஒவ்வொரு குழிக்கும் கீழே ஒரு வருஷம் எழுதி, அந்தந்த வருஷத்துக் காசைப் பதித்து வைத்திருந்தார். முதலில் ராணி காசுகள், அப்புறம் "மொட்டை ராஜா" எட்வர்டு, அப்புறம் "தாடி ராஜா" ஜார்ஜ். ஒரே ஒரு குழி காலி. அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று.

அந்த வருஷத்துக் காசில் ராஜா மார்பில் தொங்கும் சங்கிலியில் எறும்பளவு ஒரு யானை உண்டு. அது பன்றி மாதிரி இருக்கிறதென்று ஊரெல்லாம் பேச்சாகி, அடுத்த வருஷமே சர்க்கார் யானைக்குத் தும்பிக்கையை நீட்டிவிட்டது. பதினோராம் வருஷத்துக் காசு அபூர்வமாகக் கண்ணில் படும். பட்டாலும் கைமாறிக் கைமாறி மழுங்கி, யானை இருந்த இடம் வெறும் மேடாக இருக்கும். தொரைக்கு வேண்டியது யானை தெரிகிற காசு. ஒரு காலத்தில் அவரே பாங்கியில் பைபையாக வாங்கித் தேடியவர். கண்ணில் திரை விழுந்தபின் பூதக்கண்ணாடி வைத்து ஒரு காசைப் பார்க்கலாம், முந்நூறைப் பார்க்க முடியாது.

அதே கூடத்து மூலையில், செத்துப்போன அவர் மனைவியின் கை மிஷின் உறை போட்டபடி இருந்தது. சட்டைக் காலரைத் திருப்பித் தைத்துக் கொடுக்கப்போன அம்மாவின் கண் அங்கே போய்ப்போய் வந்ததைத் திரை விழுந்த கண்ணாலும் அவர் பார்த்துவிட்டார்.

"ஒனக்கு மிஷின் வேணும், எனக்கு பன்னி வேணும். கொண்டா, எடுத்துக்கினு போ. கிறிஸ்மஸுக்குள்ள, மேன். அப்பால போத்தனூர்லேந்து என் மக வருவா, அவ கேட்டா குடுத்துருவேன்."

அம்மா அந்தப் பேச்சை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. வாடகைக்கென்று சேர்த்து வைத்த ஐந்து ரூபாயை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை காலை பாங்கிக்குப் போனாள். ரூபாய்க்கு அறுபத்து நாலு காலணா. அதை வெள்ளைக் காகிதத்தில் நீளமாகச் சுருட்டிப் பசை ஒட்டித் தருவார்கள். பாங்கியில் அதற்கு "ரோல்" என்று பெயர், எங்கள் வீட்டில் "மெழுவத்தி". சனிக்கிழமை ஐந்து மெழுவத்தி வீட்டுக்கு வரும், திங்கட்கிழமை ஐந்தும் பாங்கிக்குத் திரும்பும், பத்தாம் தேதி வாடகைக்குப் போகும், மறுபடி துளித்துளியாகச் சேரும். பார்த்த ரோலே திரும்ப வந்துவிடக் கூடாதென்று, அம்மா தான் சுருட்டிய காகிதத்தின் ஓரத்தில் ஊசியால் மூன்று குத்துக் குத்தி அனுப்புவாள்.

கம்பிக்குப் பின்னால் இருந்த கேஷியர் மைசூர் பக்கத்துக்காரர். விரல்நுனிகள் கறுத்து, கோட்டுக் கை முழங்கை வரை காசு அழுக்கேறி இருக்கும்.

"ஏனம்மா, போன வாரம் கொண்டுபோனதே திரும்ப வந்திருக்கு. காசு குட்டி போடலியா?"

"போடலீங்க சார். இந்த வாரம் வேற மூட்டையிலேந்து குடுங்க."

"மூட்டை மூட்டையா பிரிச்சுக் காட்ட இதென்ன புடவைக் கடையா?" என்பார். ஆனாலும் ஒவ்வொரு ரோலையும் வெளிச்சத்தில் திருப்பி, ஊசிக்குத்து இருக்கிறதா என்று பார்த்துத்தான் தள்ளுவார்.

மத்தியானக் கஞ்சிக்குப் பிறகு போர்வையை விரித்துவிட்டு உட்காருவோம். அம்மா காகிதத்தைப் பிரிக்க, காசுகள் வழிந்து விழும் சத்தம் இருக்கிறதே, அந்தச் சத்தத்துக்கு நான் எந்த வாத்தியத்தையும் இதுவரை ஈடு வைத்ததில்லை. அக்கா வருஷம் பார்த்துச் சொல்வாள், பதினொன்று வந்தால் திருப்பி யானை பார்ப்பது என் வேலை. எனக்கு ஒன்பது வயது, வீட்டிலேயே கூரான கண். எத்தனை பேருடைய உள்ளங்கைகள் வழியாக அவை வந்திருந்தன: மஞ்சள் ஒட்டிய காசு, மீன் செதில் ஒட்டிய காசு, யாரோ தண்டவாளத்தில் வைத்து நசுக்கிய காசு, ஒரு தடவை பனைமரம் போட்ட சிலோன் காசு. அது செல்லாதென்று அம்மாவுக்கு ஒரு காலணா நஷ்டம், அக்காவுக்குப் பூகோளம் லாபம். எல்லாம் முடிந்து எண்ணிச் சுருட்டி மைதாப் பசை தடவும்போது ஒன்று குறைந்தாலும் போர்வையை உதறி, பாயைத் தூக்கி, என் பாவாடையை உதறி, அம்மாவின் முகத்தில் வாடகை கேட்கும் வீட்டுக்காரர் வந்து நின்றுவிட்டுப் போவார்.

செப்டம்பரில் மாதா திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை. கவுன் கொடுக்க அம்மா வெளியே போயிருந்தாள். நாலாவது மெழுவத்தியில் அக்கா, "பதினொண்ணு" என்றாள், கொட்டாவியோடு. திருப்பினேன். காப்பிக்கொட்டை நிறத்தில், மழுங்காத தாடியோடு ராஜா. மார்பில், சங்கிலியின் நடுவில், தும்பிக்கை என்று சொல்ல முடியாத ஒரு மூக்கோடு அது நின்றது.

"அம்மா வரவரைக்கும் தொடாதேடி," என்று சொல்லிவிட்டு அக்கா தெருக்குழாய்க்குத் தண்ணீர் பிடிக்கப் போனாள்.

திருநாளுக்காக அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் தேய்ப்புத்தான். மாதா படத்துக்கு முன்னிருந்த மெழுகுவத்தித் தண்டு, சொம்பு, தட்டு எல்லாம் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்து, பளபளத்துக் கவிழ்ந்திருந்தன. அந்த வரிசையைப் பார்த்தேன், கையிலிருந்த அழுக்குக் காசைப் பார்த்தேன். நல்ல இடத்துக்குப் போகிற பொருளை அழுக்கோடு அனுப்புகிற வழக்கம் எங்கள் தெருவில் யாருக்கும் கிடையாது. ஒரு கொட்டைப் புளி எடுத்துக்கொண்டேன்.

அக்கா வந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான்டி இருக்கு, தங்கமாட்டம்," என்றாள். அம்மாவும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சிரித்தாள். மூன்று பேரும் தலைவாரிக்கொண்டு தொரை வீட்டுக்குப் போனோம். மிஷினைத் தூக்கிவர அக்கா பழந்துணியில் ஒரு சும்மாடுகூட எடுத்துக்கொண்டாள்.

தொரை பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தார். அப்புறம் அதை எடுத்துவிட்டுக் கட்டைவிரலால் ராஜாவின் முகத்தைத் தடவினார்.

"யாரு தேச்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "நான்தான் தொரை. திருநாளுக்கு எல்லாத்தையும் தேய்ச்சேன், இதையும் தேய்ச்சுட்டேன்," என்றாள்.

"அழுக்கு இல்ல, மேன், அது. இருபத்தஞ்சு வருஷம் அது பூசிக்கிட்ட நெறம். பலகையைப் பாரு, எதனாச்சும் மினுக்குதா? நீ அத ஒரே நாள்ல நேத்துப் பொறந்ததா ஆக்கிட்டே." அவர் திட்டவில்லை. காசை அம்மாவின் கையில் திருப்பி வைத்து, விரல்களை மடக்கிவிட்டார். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

தெருக்குழாய் வரை வந்ததும் அம்மா நின்றாள். "அழாதே. தேய்க்கச் சொல்லிக் குடுத்தது நான்தானே," என்றாள். அவ்வளவுதான். அந்தக் காசைப் பற்றி என்னை அவள் ஆயுசுக்கும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

வாடகைக்குக் கணக்கு சரியாக இருக்க வேண்டுமே, அதையும் ரோலில் வைத்தே சுருட்டினோம். திங்கட்கிழமை கேஷியர் ரோலின் நுனியைப் பார்த்து, "ஏனம்மா, நுனியில தங்கம் வெச்சுக் கட்டியிருக்கீங்க?" என்றார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தேன். அம்மா வேறு வழியில்லாமல் தொரை, பலகை, மிஷின், புளி எல்லாவற்றையும் சொன்னாள். வரிசையில் பின்னால் நின்றவர்கள்கூட முணுமுணுக்காமல் கேட்டார்கள்.

"அய்யோ பாப, புளி போட்டீங்களா?" என்று அவர் பாவப்பட்டுச் சிரித்தார். "எந்த வருஷம்னு சொன்னீங்க?"

"பதினொண்ணு, சார்."

"ம்," என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அப்புறம் அக்டோபர், நவம்பர். சனிக்கிழமைகள் வந்தன, யானை வரவில்லை. அக்காவுக்கு ஆயாவுக்கான வெள்ளைப் புடவைகூட வாங்கியாகிவிட்டது. அவள் அதை மடித்துப் பூகோளப் புத்தகத்தின் மேல் வைத்தாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின கடைசிச் சனிக்கிழமை, பண்டிகைத் தையலில் சேர்ந்த ஐந்து ரூபாய்க்கு, கேஷியர் நாலு ரோலைத் தள்ளிவிட்டு, ஐந்தாவதை மேஜைக்கு அடியிலிருந்து எடுத்தார். ஓரத்தில் மூன்று ஊசிக்குத்து.

"சார், இது நம்மளோடது, பார்த்தாச்சு. வேற குடுங்க."

"எடுத்துக்கிட்டுப் போங்கம்மா. வேற இல்ல."

"அங்க அவ்ளோ இருக்குதே சார்."

"நான் கேஷியரா, நீங்க கேஷியரா?" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அம்மா முனகிக்கொண்டே அதை என் கையில் கொடுத்தாள். காகிதம் என் விரலில் ஒட்டியது. பசை இன்னும் காயவில்லை. பாங்கிப் படியிலேயே உட்கார்ந்து நுனியைப் பிரித்தேன்: மேலாக, முகம் என்னைப் பார்க்க, காப்பிக்கொட்டை நிறத்தில் தாடி ராஜா, மார்பில் அந்தப் பன்றி. எந்தக் கஜானா மூட்டையில், எந்தக் கோயில் உண்டியல் பணத்தில், எத்தனை நாள் வேலை முடிந்தபின் தேடிப் பிடித்தாரோ, தெரியாது. அம்மா திரும்பி உள்ளே போனாள். அவர் யாருக்கோ நோட்டு எண்ணிக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை.

இந்தத் தடவை கைக்குட்டையில் சுற்றி, மூச்சுக்கூடப் படாமல் கொண்டுபோனோம். தொரை வெகுநேரம் பார்த்தார். "காது கொஞ்சம் தேஞ்சிருக்கு," என்று ஒரு குறை சொல்லிவிட்டு, அதைக் குழியில் அழுத்தினார். பிறகு தானே எழுந்துபோய் மிஷினின் உறையை எடுத்து மடித்தார். அந்த உறையை மட்டும் அவர் கொடுக்கவில்லை.

அம்மா அந்த மிஷினில் முதலில் தைத்தது கறுப்புத் துணியில் கோட்டுக் கைகளுக்கு ஒரு ஜோடி உறை, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மேலே மாட்டிக்கொள்கிற மாதிரி. பாங்கிக் கம்பி வழியாகக் கேஷியரிடம் நீட்டி, "காசு அழுக்கு படாதுங்க சார்," என்றாள்.

அவர் மாட்டிப் பார்த்தார். "இதுக்கு ரசீது குடுக்க முடியாதம்மா."

"வேண்டாங்க சார்."

ஸ்டெல்லா அக்கா ஆயா வேலைக்குப் போகவில்லை. பின்னாளில் முப்பது வருஷம் பூகோளம் சொல்லிக் கொடுத்தாள். வெள்ளைப் புடவையை அம்மா ஆறு சின்னச் சட்டைகளாக வெட்டித் தைத்து விற்றாள். யுத்தம் வந்து சில்லறை ஊரைவிட்டே ஓடியது, காசைப் பதுக்கினால் பிடிப்பார்கள் என்றார்கள், பழக்கதோஷத்தில் தொடர்ந்த சனிக்கிழமைகளும் நின்றன. தொரை போனபின் பலகையைப் போத்தனூர் மகள் எடுத்துப்போனாள். கேஷியருக்கு எங்கோ மாற்றலாகி, அவர் பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளாமல் விட்டோம். ராணியும் மொட்டையும் தாடியும் போய், அணாவே போய், இன்று கையில் விழுவது காற்றடித்தால் பறக்கிற அலுமினியம். அதற்கு வாசனையே இல்லை.

போன மாதம் அதே பாங்கிக்குப் போனேன். கம்பி இல்லை, கண்ணாடி இருக்கிறது. ஐந்து ரூபாய்க்குச் சில்லறை கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண், "எதுக்கு ஆண்ட்டி, பஸ்ஸுக்கா?" என்று கேட்டபடியே எண்ணித் தந்தாள். நன்றி சொன்னேன். வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய் இன்னொரு தரமும் சொன்னேன். அவள் ஒன்றும் புரியாமல் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.